ஒரே பொட்டியில் ரெண்டு குடித்தனம்

மக்களே, தலைப்பைப் பார்த்துட்டு வாடகை வீட்டுப் புராணம்னு நினைச்சு வந்தவங்களும், உள்ளே லினக்ஸைப் பார்த்துட்டு ஓடப் பார்க்கிறவங்களும் கொஞ்சம் நில்லுங்க. நான் படிச்சது பி.காம். பிழைப்பு வங்கியில். கம்ப்யூட்டர் சமாச்சாரம் எதுவா இருந்தாலும் லெட்ஜர் பாஷைக்கு மாத்தினால்தான் என் மண்டையில் ஏறும். அதனால் உங்களுக்கும் புரியும்னு ஒரு தைரியம்தான். பொட்டி தட்டுற மக்கள் என் உவமைகளைப் பொறுத்துக்கணும்.

கதை நடந்தது புனே, வானவடியில். ஷிண்டே சத்ரிக்குப் பக்கம் ரெண்டு பெட்ரூம் வீடு. வீட்டில் ஒரே ஒரு டெஸ்க்டாப். அதில் டெபியன் லினக்ஸ். சாயங்காலம் ஆனால் தங்கமணி அதில் உட்கார்ந்து ஆன்லைனில் கணக்கு ட்யூஷன் எடுப்பாங்க. ஆறு மணியிலிருந்து எட்டரை வரைக்கும் அந்த நாற்காலி அவங்களுது, யாரும் கிட்டே போக முடியாது. பொண்ணு ஆர்க்கிடெக்சர் படிக்கிறாள். ரெவிட்னு ஒரு மென்பொருள், லூமியான்னு இன்னொண்ணு. ரெண்டுக்கும் விண்டோஸ் வேணும். லூமியானுக்கு அதுக்கு மேலே தனியா ஒரு நல்ல கிராபிக்ஸ் அட்டையும் வேணும். சும்மா ஒரு விண்டோஸை லினக்ஸுக்குள் வர்ச்சுவல் மெஷினாப் போட்டால் டாலி ஓடும், ஃபைலிங் வேலை ஓடும். கட்டடத்துக்கு வெயில் எப்படி விழுதுன்னு படம் வரையச் சொன்னால் மூச்சு வாங்கும். ஏன்னா உள்ளே இருக்கிற விண்டோஸுக்குக் கிடைக்கிறது பொம்மை அட்டை.

நல்ல கிராபிக்ஸோட லேப்டாப் லட்சத்துக்கு மேலே. அந்த வருஷம், 2024-ல், ஊரில் அம்மாவுக்குக் கண் ஆபரேஷன், வீட்டுக்கு மேல்தளம் ஒழுகல்னு வரிசையா செலவு. ரெண்டு சிஸ்டத்தையும் மாத்தி மாத்தி பூட் பண்ணிக்கலாமேன்னு கேட்பீங்க. ஆறு மணிக்கு அம்மாவுக்கு லினக்ஸ், அதே ஆறு மணிக்குப் பொண்ணுக்கு விண்டோஸ் வேணும்னா மாத்தி மாத்தி எப்படிங்க? ஒரே நேரத்தில் ரெண்டு பேரும் உட்காரணும். ரெண்டு மானிட்டர், ரெண்டு கீபோர்டு, ஒரே பொட்டி.

இதுக்கு வழி இருக்குன்னு முதலில் சொன்னது மேல் மாடிப் பையன். மகர்பட்டா பக்கம் ஐ.டி. வேலை. என்னைக் "காகா"ன்னு கூப்பிடுவான். (மராத்தியில் சித்தப்பா, பெரியப்பா மாதிரி. புனேக்கு வந்த புதுசில் யாரோ அப்படிக் கூப்பிட்டப்போ நான் மரத்தைத்தான் அண்ணாந்து பார்த்தேன்.) "காகா, பாஸ்த்ரூ பண்ணிடுங்க. அட்டையை அப்படியே உள்ளே இருக்கிற விண்டோஸுக்குக் கொடுத்திடலாம்"னு சொல்லிட்டுப் போயிட்டான். அவன் சொல்ல ஒரு நிமிஷம் ஆச்சு, எனக்கு மூணு மாசம் ஆச்சு.

இந்த ஊருக்கும் இந்த வித்தைக்கும் ஒரு தூரத்து உறவு இருக்கு. லினக்ஸுக்குள் வேறொரு சிஸ்டத்தை ஓட்டும் கே.வி.எம். 2007-ல் கெர்னலுக்குள் வந்தது. அதை எழுதினது க்யூம்ரானெட்னு ஒரு இஸ்ரேல் கம்பெனி. 2008-ல் ரெட் ஹேட் அதை 10.7 கோடி டாலருக்கு வாங்கிச்சு. அட்டை மாதிரி சாமான்களை உள்ளே பத்திரமாக் கொடுக்கிற வி.எஃப்.ஐ.ஓ. பகுதி 2012-ல் கெர்னல் 3.6-ல் சேர்ந்தது. அதைச் செய்தவர் அப்போ ரெட் ஹேட்டில் இருந்த அலெக்ஸ் வில்லியம்சன். அந்த ரெட் ஹேட்டின் புனே அலுவலகம் பல வருஷம் இதே மகர்பட்டா சிட்டியில்தான் இருந்தது. ஃபாத்திமா நகர் தாண்டி ஹடப்சர் போற வழிதான். நான் அந்தப் பக்கமா எத்தனையோ தடவை காய்கறிப் பையோட போயிருக்கேன்.

சரி, மேட்டருக்கு வருவோம். முதலில் ஒரு கேள்வி. அட்டையை முழுசாக் கொடுக்கணுமா, பாதி எனக்கு பாதி உனக்குன்னு பிரிக்க முடியாதா? பெரிய இடத்தில் முடியும். நம்ம புனே சி-டாக்கின் பரம் சித்தி-ஏஐ சூப்பர் கம்ப்யூட்டர் 2020 நவம்பரில் உலகப் பட்டியலில் 63-வது இடத்துக்கு வந்தது. அதில் இருக்கிற ஏ100 அட்டை ஒவ்வொண்ணையும் ஏழு துண்டு வரைக்கும் பிரிச்சுக் கொடுக்கலாம். வீட்டு அட்டைக்கு அந்த வசதியைக் கம்பெனிகள் பொதுவாத் தர்றதில்லை. கொடுத்தால் முழுசாக் கொடு, இல்லாட்டி நீயே வெச்சுக்கோ.

முழுசாக் கொடுக்கிறதில்தான் எல்லாச் சங்கடமும். வங்கியில் கேஷ் பெட்டகத்துக்கு ரெண்டு சாவி. ரெண்டு அதிகாரிங்க கூட்டுப் பொறுப்பு. ஒருத்தருக்கு மாற்றல் வந்தால் சாவி ரிஜிஸ்டரில் கையெழுத்துப் போட்டு ஒப்படைச்சுட்டுப் போகணும். ஒப்படைக்காமல் யாராவது ரயிலேறிட்டால் அன்னிக்குக் கிளையே நிக்கும். மூணு மாசத்தில் நான் பார்த்த ஒவ்வொரு கோளாறும் இந்த ஜாதிதான். யாரோ ஒருத்தர் அட்டையின் சாவியைப் பாக்கெட்டில் வெச்சுக்கிட்டே போயிருப்பாங்க. யாருன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

முதலில் மதர்போர்டு செட்டிங்கில் வி.டி.-டி ஆன் பண்ணணும், கெர்னலுக்கும் ஒரு வரி சொல்லணும். இது ஐ.ஓ.எம்.எம்.யூ.ன்னு ஒரு காவலாளியை எழுப்புறதுக்கு. அவர் எதுக்கு? கிராபிக்ஸ் அட்டை மாதிரி சாமான்கள் ப்ராசசரைக் கேட்காமலே நேரா மெமரியில் எழுதும். உள்ளே இருக்கிற விண்டோஸ், தன் மெமரி பூஜ்யத்திலிருந்து ஆரம்பிக்குதுன்னு நம்பிக்கிட்டு, "நூறாம் நம்பரில் எழுது"ன்னு அட்டைக்குச் சொல்லும். நிஜத்தில் அந்த நூறாம் நம்பர் லினக்ஸோடது! கோர் பேங்கிங் வர்றதுக்கு முன்னாடி ஒவ்வொரு கிளையிலும் ஒரு நூறாம் நம்பர் கணக்கு இருந்தது, ஞாபகம் இருக்கா? கும்பகோணத்து நூறும் புனே நூறும் வேற வேற ஆளுங்க. யாராவது நடுவில் உட்கார்ந்து எந்தக் கிளை நூறுன்னு பார்த்து மாத்தி எழுதலைன்னா ஒருத்தர் பணம் இன்னொருத்தர் கணக்கில் போயிடும். அந்த நடு ஆள்தான் ஐ.ஓ.எம்.எம்.யூ.

இந்தக் காவலாளி சாமான்களைத் தனித்தனியாப் பார்க்க மாட்டார், குழு குழுவாத்தான் பார்ப்பார். எங்க பொட்டியில் அட்டையும், அதோட ஒலிப் பகுதியும், பக்கத்து ஸ்லாட்டில் இருந்த வைஃபை கார்டும் ஒரே குழு. விண்டோஸை ஆன் பண்ணினால் குழு சரியில்லை, எல்லாத்தையும் சேர்த்து ஒப்படைன்னு ஒரு வரி சொல்லிட்டு நின்னுடும். நம்ம பாஷையில், இது "ஈதர் ஆர் சர்வைவர்" கணக்கு இல்லை, "ஜாயின்ட்லி". ஒருத்தர் மட்டும் கையெழுத்துப் போட்டுப் பணம் எடுக்க முடியாது. வைஃபையையும் உள்ளே கொடுத்துட்டால் தங்கமணி வகுப்புக்கு நெட் எங்கே?

இதுக்கு ஒரு குறுக்கு வழி இருக்கு. ஏ.சி.எஸ். ஓவர்ரைடுன்னு ஒரு ஒட்டு. கெர்னலோட அதிகாரப்பூர்வப் பதிப்பில் அதைச் சேர்த்ததில்லை. அதைப் போட்டால், "இந்தச் சாமான்கள் எல்லாம் தனித்தனிதான்"னு காவலாளி நம்பிடுவார். நிஜத்தில் தனியா இருக்கான்னு யாரும் பார்த்திருக்க மாட்டாங்க. வீட்டுப் பொட்டிக்கு என்ன ஆகிடப் போகுதுன்னு நிறையப் பேர் போட்டுக்கிறாங்க, போட்டுக்கட்டும். இடத்தை நேரில் பார்க்காமலே "பார்த்தேன்"னு ரிப்போர்ட் எழுதின கடன் ஃபைல்கள் பின்னாடி என்ன ஆச்சுன்னு பார்த்த ஆள் நான். கை வரலை. வைஃபை கார்டைக் கழற்றிக் கீழே இருக்கிற ஸ்லாட்டில் போட்டேன். மேல் ஸ்லாட்டுகள் ப்ராசசரோட நேரடி வழி, கீழே இருக்கிறது சிப்செட் வழி. குழு பிரிஞ்சுது. ஒரு ஸ்க்ரூ டிரைவர், பத்து நிமிஷம்.

அடுத்த சாவி லினக்ஸோட கையிலேயே இருந்தது. பூட் ஆகும்போதே அட்டையைப் பார்த்ததும் அதோட வழக்கமான டிரைவர் பாய்ஞ்சு பிடிச்சுக்கும். அதுக்கு முன்னாடி வி.எஃப்.ஐ.ஓ. போய்த் துண்டு போட்டு இடம் பிடிக்கணும். பஸ்ஸில் சீட்டுக்கு ஜன்னல் வழியாத் துண்டு போடுவோமே, அதே. ஒவ்வொரு சாமானுக்கும் கம்பெனி எண்ணு, சரக்கு எண்ணுன்னு ரெண்டு உண்டு. அதை எழுதி வெச்சால் போதும். (இன்டெல்லோட கம்பெனி எண் 8086. 1978-ல் வந்த அவங்க சிப்போட பேரையே வாங்கி வெச்சுக்கிட்டாங்க. ஃபேன்சி நம்பர் மோகம் நம்ம ஆர்.டி.ஓ. ஆபீஸோட நிக்கலை!) அட்டையோட ஒலிப் பகுதிக்கும் தனி எண், அதுக்கும் துண்டு போடணும்.

இவ்வளவும் ஆகி, விண்டோஸும் ஆன் ஆகி, திரை மட்டும் இருட்டு. லாகைப் பார்த்தால் அட்டையோட மெமரியில் ஒரு பகுதியை ஒதுக்க முடியலைன்னு திரும்பத் திரும்ப ஒரே வரி. யாருடா இன்னும் பிடிச்சுக்கிட்டு இருக்கிறதுன்னு மெமரிக் கணக்கைத் திறந்து பார்த்தால், பொட்டி ஆன் ஆனதும் முதல் எழுத்துகளைக் காட்டுதே, அந்த பூட் திரை. மதர்போர்டு தன் முதல் படத்தை இந்த அட்டையில்தான் காட்டியிருக்கு, அந்த இடத்தை விடவே இல்லை. செட்டிங்கில் முதல் திரையை ப்ராசசருக்குள்ளேயே இருக்கிற சின்ன கிராபிக்ஸுக்கு மாத்தி, தங்கமணி மானிட்டர் ஒயரை மதர்போர்டில் சொருகினேன். அன்னிக்கு ராத்திரி பதினொண்ணரைக்கு ரெண்டாவது மானிட்டரில் விண்டோஸ் 11 வந்தது. பொண்ணு தூங்கிட்டாள். எழுப்பிக் காட்டினேன். "சூப்பர்ப்பா"ன்னுட்டுத் திரும்பிப் படுத்துட்டாள்.

முன்னாடி இன்னொரு பெரிய முட்டுக்கட்டையும் இருந்ததாம். என்விடியாவோட ஜீஃபோர்ஸ் டிரைவர், தான் வர்ச்சுவல் மெஷினுக்குள் இருக்கோம்னு தெரிஞ்சால் "கோட் 43"ன்னு சொல்லிட்டு வேலையை நிறுத்திடும். ஜனங்க விதவிதமா மாறுவேஷம் போட்டு ஏமாத்தினாங்க. 2021 மார்ச்சில் 465 வரிசை டிரைவரோட அந்தத் தடையைக் கம்பெனியே எடுத்துடுச்சு. நான் களத்தில் இறங்கினப்போ அந்தச் சண்டை முடிஞ்சு போன கதை.

எங்க அட்டை செகண்ட் ஹேண்ட். எந்தக் கம்பெனின்னு சொல்லப் போறதில்லை, கேட்காதீங்க. 2022 செப்டம்பரில் எத்தீரியம் காசு தோண்டுற முறையை மாத்தினதும் தோண்டிக்கிட்டு இருந்த அட்டைகள் எல்லாம் சந்தைக்கு வந்தது. அந்த வழியில் வந்ததோ என்னவோ. அதுக்கு ஒரு குணம். பொண்ணு விண்டோஸை ஒரு தடவை மூடிட்டு மறுபடி திறந்தால் கருப்புத் திரை. மொத்தப் பொட்டியையும் அணைச்சுப் போட்டால்தான் சரியாகும். ஆறு மணிக்கு மேலே பொட்டியை அணைக்கிறதுன்னா தங்கமணி வகுப்பில் இருபது பிள்ளைங்க நடுத்தெருவில்.

காரணம் ரீசெட். ஒரு குடித்தனக்காரர் போய் அடுத்தவர் வர்றதுக்குள் வீட்டைக் கழுவிச் சுண்ணாம்பு அடிக்கணும் இல்லையா? அட்டைக்கும் அப்படி, பழைய நினைப்பெல்லாம் அழிஞ்சு புதுசா நிக்கணும். சில அட்டைகளுக்குத் தன்னைத்தானே சுத்தம் பண்ணிக்கத் தெரியும். சிலதுக்கு வெளியிலிருந்து பஸ் வழியா ரீசெட் அடிச்சால் எழுந்துக்கும். இன்னும் சிலது ரீசெட் ஆனதாச் சொல்லும், ஆனால் ஆகியிருக்காது. எங்களுது மூணாவது ரகம்.

இந்த நேரத்தில்தான், 2025 ஏப்ரலில், எனக்கு சோலாப்பூருக்கு மாற்றல் ஆர்டர் வந்தது. மே கடைசியில் பொண்ணுக்குத் தீசிஸ் ஜூரி. அஞ்சு வருஷப் படிப்பு அந்த ஒரு நாளில் நிக்குது. "அப்பா, அன்னிக்கே ஒரு லேப்டாப் வாங்கிக் கொடுத்திருந்தால் இந்த டென்ஷனே இல்லை. நீங்க சோலாப்பூர் போயிட்டால் இதை யார் பார்க்கிறது?"ன்னு கேட்டாள். கோபமாக் கூடக் கேட்கலை, சாதாரணமாத்தான் கேட்டாள். தங்கமணி ஒண்ணும் சொல்லாமல் கொத்தவரங்காய் ஆய்ஞ்சுக்கிட்டு இருந்தாங்க. அது இன்னும் மோசம்.

லோன் போட்டு லேப்டாப் வாங்கிடலாமான்னு நிஜமாவே கணக்குப் போட்டேன். ரிலீவ் ஆகப் பன்னிரண்டு நாள். தினம் ராத்திரி ஒன்பது மணிக்கு மேலே பொட்டியோட உட்கார்ந்தேன். ஏழாவது நாள் ஒரு வழி பிடிபட்டது. விண்டோஸை மூடினதும், அட்டையைப் பட்டியலிலிருந்து எடுத்துடணும். எடுத்துட்டு மொத்த லினக்ஸையும் அஞ்சு வினாடி தூங்க வெச்சு எழுப்பணும். தூங்கும்போது அட்டைக்கு மின்சாரமே போகாது. அதனால் அதோட பழைய நினைப்பு எல்லாம் போயிடும். எழுந்ததும் மறுபடி தேடச் சொன்னால் புதுசாப் பொறந்த மாதிரி வந்து நிக்கும். நாங்க தினம் சாயங்காலம் டே-எண்ட் போடுறோமே, அந்த மாதிரி. இதை ஒரு சின்ன ஸ்க்ரிப்டா எழுதி டெஸ்க்டாப்பில் ஐகான் வெச்சேன். தங்கமணி வகுப்பில் அஞ்சு வினாடி படம் உறையும், மறுபடி சேர்ந்துக்கும். "பரவாயில்லை, பவர் கட்டுன்னு நினைச்சுக்குவாங்க"ன்னு அனுமதி கிடைச்சுது!

மெமரி விஷயம் ஒண்ணு சொல்ல விட்டுட்டேன். பொட்டியில் 32 ஜிபி. அதில் 16-ஐ விண்டோஸுக்குக் கொடுத்தால் அது சும்மா இருந்தாலும் அந்த 16-ஐ லினக்ஸ் தொட முடியாது. அட்டை எந்த நேரத்தில் எந்த மூலையில் எழுதும்னு தெரியாதே, அதனால் முழுசையும் பூட்டி வெச்சாகணும். லீன் போட்ட டெபாசிட் மாதிரி, பேர் நம்ம பேர், எடுக்க முடியாது. நாங்க 16-க்கு மேலே போகலை. பொண்ணுக்கு அது போதலைன்னு இன்னிக்கும் குறைதான்.

கிளம்பும்போது கிளைக்குச் சார்ஜ் ரிப்போர்ட் எழுதின கையோட வீட்டுக்கும் ஒண்ணு எழுதினேன். ரெண்டு பக்கம், தமிழில். எது எந்த ஸ்லாட்டில், எது எந்தக் குழுவில், ஒவ்வொண்ணுக்கும் பஸ் எண் என்ன. கருப்புத் திரை வந்தால் முதலில் எதைப் பார்க்கணும். அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டினேன். பொண்ணு கையெழுத்துப் போடணும்னு கேட்டேன், சிரிச்சுக்கிட்டே போட்டாள்.

சோலாப்பூர் போய்ப் பத்து நாள் ஒண்ணும் இல்லை. பதினோராவது நாள் சாயங்காலம் தங்கமணி போன். "இவள் விண்டோஸை ஆன் பண்ணினால் என் நெட்டு போகுது. ஆஃப் பண்ணினால் வருது. என்ன மாயம் இது?" நான் கஸ்டமரோட இருந்தேன். எட்டு மணிக்குக் கூப்பிடறேன்னு வெச்சுட்டேன். அதுவரைக்கும் வேலையே ஓடலை. ஜூரிக்கு ஒன்பது நாள்.

எட்டு மணிக்குப் போன் போட்டால் எடுத்தது பொண்ணு. "சரி பண்ணிட்டேன்ப்பா." எப்படிம்மான்னு கேட்டேன். முதல் நாள் அவள் ஃப்ரெண்டு ஒரு எஸ்.எஸ்.டி. கொடுத்திருக்கான், படங்கள் சேமிக்க. அதை மதர்போர்டில் காலியா இருந்த இடத்தில் மாட்டியிருக்காங்க. சொல்லிட்டு மாட்டியிருக்கலாம், போகட்டும். புது ஆள் வரிசையில் முன்னாடி வந்து நின்னதும் பின்னாடி இருந்தவங்க எண் எல்லாம் ஒண்ணொண்ணு தள்ளிப் போயிடுச்சு. அலமாரிக் கதவில் வைஃபை 03, கீபோர்டு மாட்டுற யூ.எஸ்.பி. கார்டு 04. இப்போ எஸ்.எஸ்.டி. 03, வைஃபை 04, யூ.எஸ்.பி. 05. விண்டோஸோட ஃபைலில் "04-ஐக் கொடு"ன்னுதான் எழுதியிருக்கு. லினக்ஸ் பேர் பார்க்காது, எண்ணைத்தான் பார்க்கும். வைஃபையைப் பிடுங்கி உள்ளே கொடுத்துடுச்சு.

"உங்க லிஸ்டையும் இப்போ வர்ற லிஸ்டையும் பக்கத்துப் பக்கத்தில் வெச்சுப் பார்த்தேன்ப்பா. 04-ஐ 05-ன்னு மாத்தினேன். அவ்வளவுதான்."

"ஃபைலை மாத்துறதுக்கு முன்னாடி காப்பி எடுத்து வெச்சியா?"

"எடுத்தேன். அப்பா, எனக்கு ரெண்டர் ஓடிக்கிட்டு இருக்கு, அப்புறம் பேசலாமா?"

ஜூரி நல்லபடியா முடிஞ்சுது. கருவூலக் கட்டடம் ஒண்ணு டிசைன் பண்ணியிருந்தாள். பெட்டக அறைக் கதவு எந்தப் பக்கம் திறக்கும்னு மட்டும் எனக்குப் போன் பண்ணிக் கேட்டிருந்தாள். அலமாரிக் கதவில் இப்போ ஒட்டியிருக்கிற பட்டியல் அவள் எழுதினது. அதில் பாதி இங்கிலீஷ்.